ஒன்பது புள்ளிக்காரர்களின் கடை

சைகோனில் வேலை விஷயமாக மூன்று வாரம் இருந்தபோது, ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு அலுவலக நண்பர் ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஓங் தா பகுதிக்குப் போனார். (ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் ஹோ சி மின் நகரம். என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரும் பேச்சில் அப்படிச் சொல்லவில்லை. நானும் சைகோன் என்றே எழுதுகிறேன்.) சின்னக் கடை. எவர்சில்வர் மேஜை, பிளாஸ்டிக் ஸ்டூல், வாசலிலேயே கரி அடுப்பு, அதற்கு நேராக ஒரு டேபிள் ஃபேன். சுவரில் கையால் எழுதிய விலைப்பட்டியல். நண்பர் அதைக் காட்டி, "இந்தப் போர்டைப் படிச்சாலே ஓனர் எந்த ஊர்னு தெரிஞ்சிடும்" என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே கொம்பும் குறியும் போட்ட எழுத்தாகத்தான் தெரிந்தது. அவர் விளக்கினார். பன்றிக்கு இந்த ஊரில் ஹெவ் என்பார்கள், போர்டில் லொன் என்று இருக்கிறது. வேர்க்கடலைக்கு இங்கே டாவ் ஃபோங், போர்டில் லாக். கிண்ணத்துக்கு இங்கே சென், போர்டில் பாட். எள், சோளம், அன்னாசி எல்லாவற்றுக்குமே வடக்கில் ஒரு சொல், தெற்கில் ஒரு சொல். எழுத்து ஒன்றாக இருந்து உச்சரிப்பு மாறுவதும் உண்டு. பன்றி இறைச்சியை அரைத்து இலையில் கட்டி வேகவைக்கும் உருளைக்கு வடக்கில் பெயர் 'ஸோ'. ஸீப்ராவின் முதல் எழுத்தைச் சொல்வோமே, அந்த ஒலி. அதே எழுத்தைத் தெற்கத்திக்காரர் 'யோ' என்று படிப்பார். போதாததற்கு அந்தப் பண்டத்தையே தெற்கில் வேறு பெயரில் 'சா' என்று கேட்டால்தான் கொடுப்பார்கள்.

"கடைக்காரர் ஹனோயிலிருந்து வந்தவரா?" என்று கேட்டேன்.

"இல்லை, இங்கேயே பிறந்தவர். அவங்க அப்பா அம்மா வந்தவங்க. ஒன்பது புள்ளி."

அந்தக் கடைசி இரண்டு சொல்தான் இந்தக் குறிப்புக்கு ஆரம்பம். ஊர் திரும்பி ஆறேழு மாதம் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

வியட்நாமில் ஒரு சீட்டாட்டம் உண்டு. ஆளுக்கு மூன்று சீட்டு. மதிப்புகளைக் கூட்டி, வரும் எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 12 வந்தால் 2. 19 வந்தால் 9. நம் ஆட்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால் மாடுலோ 10. புள்ளிகளில் ஒன்பதுதான் உச்சம். இப்போது 1954-இல் வடக்கிலிருந்து சைகோன் வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 + 4 = 9. நாடு ஒன்றான பிறகு 1975-இல் வந்தவர்கள்: 7 + 5 = 12, அதாவது 2. இதுதான் சைகோன்காரர்களின் கணக்கு. முதல் கூட்டம் 'ஒன்பது புள்ளி வடக்கத்தியார்', இரண்டாவது கூட்டம் 'இரண்டு புள்ளி வடக்கத்தியார்'. சிரித்துக்கொண்டே சொல்கிற கேலிதான். ஆனால் யார் அகதி, யார் ஜெயித்த கட்சியோடு வந்தவர் என்ற கசப்பு முழுக்க அதற்குள் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954 மே மாதம் டியென் பியென் ஃபூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். நாட்டை 17-ஆம் அட்சரேகை வாக்கில் தற்காலிகமாகப் பிரித்து, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போக 300 நாள் அவகாசம் கொடுத்தார்கள். சுமார் 8 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள். பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். ஹைஃபோங் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சு, அமெரிக்கக் கப்பல்களில் வந்தார்கள், விமானத்திலும் வந்தார்கள். எதிர்த்திசையில் வடக்கே போனவர்களும் கணிசம். ஒப்பந்தப்படி 1956-இல் தேர்தல் நடந்து நாடு மறுபடி ஒன்றாகியிருக்க வேண்டும். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள் நிறையப் பேர். தேர்தல் நடக்கவில்லை. பிரிவு 21 வருஷம் நீடித்தது.

வந்தவர்கள் தங்கள் ஊரை அப்படியே தூக்கிவந்து இறக்கினார்கள் என்று சொன்னால் ரொம்ப மிகையில்லை. சைகோனில் பூய் ஃபாட் என்று ஒரு பங்கு இருக்கிறது (பங்கு என்றால் கோயில் பங்கு, கத்தோலிக்கர்கள் சொல்கிற பொருளில்). பூய் சூ, ஃபாட் டியெம் என்ற இரண்டு வடக்கத்தி மறைமாவட்டங்களின் முதல் சொற்களை எடுத்து ஒட்டிய பெயர் அது. பெயரிலேயே முகவரி. நான் சாப்பிட்ட ஓங் தா பகுதியும் அப்படி வந்தவர்களால் நிறைந்ததுதான். வரிசையாகக் கோயில்கள், நடுவில் சந்தை, சந்தையைச் சுற்றி வடக்கத்திச் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டுக்கு வருவோம். நான் முதலில் சாப்பிட்டது பூன் சா. பூன் என்பது அரிசி நூடுல்ஸ், நம் இடியாப்பத்தைக் கொஞ்சம் தடியாகப் பிழிந்து ஈரமாகவே விட்டால் எப்படி இருக்கும், அப்படி. கரியில் சுட்ட பன்றி இறைச்சி, உருண்டையாகத் தட்டியதும் துண்டு போட்டதுமாக, வெதுவெதுப்பான மீன்சாற்று நீரில் மிதந்து வரும். மீன்சாறு என்றால் நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தது. அதைத் தண்ணீர், வினிகர், சர்க்கரை, பூண்டு சேர்த்து இளக்கியிருப்பார்கள். கூடவே அதில் மெல்லிய வில்லைகளாகப் பச்சைப் பப்பாளி அல்லது நூல்கோல். ஆமாம், நம் சாம்பார் நூல்கோல். வடக்கு வியட்நாமில் அதன் பெயர் சூ ஹாவ், பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த 'ஷூ ராவ்' தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. நூடுல்ஸ் தனி, கீரைக் கூடை தனி. நாமே எடுத்து நனைத்துச் சாப்பிட வேண்டும். 2016 மே மாதம் ஒபாமா ஹனோயில் ஆண்டனி போர்டெயினோடு நீல பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, அதே பண்டம். சைகோனின் சொந்தப் பண்டத்தில் இறைச்சி, நூடுல்ஸ், கீரை எல்லாம் ஒரே கிண்ணத்தில் அடுக்கி, இனிப்பான மீன்சாற்றை மேலே ஊற்றிவிடுவார்கள். பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், தொடுப்பு வேறு.

இரண்டாம் முறை போனபோது சாப்பிட்ட பூன் ரியெவ் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். இது வயல் நண்டுச் சாறு. காவிரிப் படுகையில் வயல் நண்டை ஓட்டோடு இடித்து, பிழிந்து, மிளகு போட்டு ரசம் வைப்பார்கள், சளிக்கு நல்லது என்று. செங்கோ ஆற்றுப் படுகையில் முதல் பாதி அப்படியே இதேதான். நண்டைக் கழுவி, மேலோட்டைக் கழற்றி, மீதியை உப்புப் போட்டு உரலில் இடிக்கிறார்கள். தண்ணீரில் கரைத்து வடிகட்டுகிறார்கள். ஓட்டுத் தூள் சல்லடையில் நின்றுவிடும், கலங்கலான சாம்பல் நிறத் தண்ணீர் கீழே வரும்.

வித்தை அதற்குப் பிறகு. உப்பு சேர்த்து இடித்ததால் நண்டுச் சதையின் புரதம் தண்ணீரில் கரைந்திருக்கிறது. அதை மெதுவாகச் சூடாக்குகிறார்கள். அடி பிடிக்காமலிருக்க ஆரம்பத்தில் மட்டும் கிளற வேண்டும், சூடு ஏறத் தொடங்கியதும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். முட்டை வெள்ளை வேகும்போது நடக்கிற அதே சமாச்சாரம் இங்கேயும்: சுருண்டிருந்த புரத இழைகள் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, வலையாகி, கலங்கலில் மிதந்த தூசு துரும்பையெல்லாம் பிடித்துக்கொண்டு மேலே எழும்பும். கொஞ்ச நேரத்தில் மேலே பஞ்சு மாதிரி ஒரு மெத்தை, கீழே தெளிந்த சாறு. அந்த மெத்தைதான் ரியெவ். தளதளவென்று கொதிக்க விட்டாலோ கிளறினாலோ வலை அறுந்து எல்லாம் தூளாகிவிடும். நண்டில் தின்னக் கிடைக்கிற சதை சொற்பம். அதைக் கடைசித் துளிவரை கறந்து ஒரு குடும்பத்துக்குப் போதுமான கட்டியாக மாற்றுகிற ஏழை வீட்டுப் பொறியியல் இது. நாம் ரசத்தோடு நின்றுவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

புளிப்பில்தான் வடக்கும் தெற்கும் பிரிகிறது. வடக்கில் தக்காளியோடு, மது வடித்த அரிசிச் சக்கையைப் புளிக்கவைத்த ஒரு வினிகர் சேர்ப்பார்கள். அதன் புளிப்பு மெல்லியது, கொஞ்சம் பழைய சோற்று நீராகாரம் ஞாபகம் வரும். வேறு சாறுகளுக்கு சவ் என்று ஒரு காய், மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்தது. ஹனோயில் அது தெருவோர நிழல் மரம். தெற்கில் இந்த எல்லா வேலைக்கும் நம்ம புளி. தெற்கத்தி பூன் ரியெவ்வில் புளி இறங்கும், உறைந்த ரத்தத் துண்டு இறங்கும், பன்றிக்கால் இறங்கும், கிண்ணம் ஒரு கல்யாணப் பந்தி ஆகிவிடும். வடக்கத்திக் கிண்ணம் அதன் பக்கத்தில் சிக்கனமாகத் தெரியும்.

இன்னொரு அடையாளம் சதகுப்பைக் கீரை. சித்த மருந்துக்கடைச் சரக்காகத்தான் நமக்கு அதன் விதை தெரியும். பெங்களூர்க்காரர்களுக்கு சப்பசிகே சொப்பு. மஞ்சளும் அரத்தையும் தடவிச் சுட்ட ஆற்று மீனை மேஜையிலேயே சட்டியில் வதக்கி, சதகுப்பையையும் வெங்காயத் தாளையும் கட்டுக்கட்டாகப் போட்டுப் புரட்டும் சா கா என்ற பண்டத்துக்கு ஹனோயில் ஒரு தெருவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியச் சமையலில் சதகுப்பையா என்று முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்தால் ஹனோய்க்குக் குளிர்காலம் உண்டு, 10, 12 டிகிரி வரை இறங்கும். நூல்கோலும் சதகுப்பையும் அந்தப் பருவத்துப் பயிர்கள். சைகோனில் வருஷம் முழுக்க சென்னைதான். அங்கே தேங்காயும் கரும்பும் விளைகிறது, சமையலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஒரு சின்ன விலகல். அந்தப் போர்டில் இல்லாத ஒன்றும் எனக்குத் தகவல்தான். சைகோன் வீடுகளிலும் கடைகளிலும் 'கா ரி' சர்வ சாதாரணம். தேங்காய்ப் பாலில் கோழியும் சர்க்கரைவள்ளியும் போட்டு, ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கறி என்ற நம் சொல்தான். பிரெஞ்சுக் காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் புதுச்சேரி, காரைக்கால்காரர்களும் இங்கே இருந்தார்கள். ட்ரூவோங் டின் தெருவில் அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது, ஊதுபத்தி ஏற்றுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். வடக்கத்திக் கடையின் பட்டியலில் கா ரி கிடையாது.

சரி, இப்போது ஃபோ. உலகம் முழுக்க வியட்நாம் என்றால் ஃபோ. ஆனால் அது வடக்கின் பண்டம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும், அதன் தென்கிழக்கே உள்ள நாம் டின்னிலும் உருவானது. நாம் டின்னின் வான் கூ கிராமத்திலிருந்து கோ குடும்பப் பெயருள்ளவர்கள் கிளம்பிப் போய் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். மாட்டெலும்பைக் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சியும் வெங்காயமும், அன்னாசிப்பூ, பட்டை, கறுப்பு ஏலக்காய் போட்டு வடித்த சாறு. 1954-க்கு முன் சைகோனில் ஃபோ கடை இல்லாமல் இல்லை, ஆனால் அது அங்கே தெருச் சாப்பாடாகப் பரவியது அகதிகள் வந்த பிறகுதான்.

பரவியபோது மாறியது. சைகோன் கிண்ணத்தில் சாறு கொஞ்சம் இனிப்பு. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முளைகட்டிய பயறு, துளசி வகை, நீளக் கொத்தமல்லி. கறுப்பு சோயா கூழ், மிளகாய்க் கூழ் இரண்டு பாட்டில். ஹனோய்க்காரர் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். அவருக்கு வெங்காயத் தாள், பூண்டு ஊறிய வினிகர், மிளகாய், தொட்டுக்கொள்ள வறுத்த மாவுக் குச்சி, அவ்வளவுதான். இரு தரப்பும் சண்டை போடுவதைப் பார்த்தால் நம் ஊர் பிரியாணி வழக்கு எல்லாம் சமாதானமான விஷயம்.

'அசல்' ஹனோயில் இருக்கிறது, சைகோனில் இருப்பது கலப்படம் என்றுதான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க அது நிற்கவில்லை. ஹனோயிலும் 1954-க்குப் பிறகு எதுவும் அப்படியே இருக்கவில்லை. தனியார் கடைகள் ஒடுங்கி அரசுக் கடைகள் வந்தன. போர்க்காலத்தில் இறைச்சி தட்டுப்பாடு, கூப்பனுக்குத்தான். அரசுக் கடை ஃபோவில் நூடுல்ஸும் சாறும் இருக்கும், மாட்டிறைச்சி இருக்காது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'விமானி இல்லாத ஃபோ'. வடக்கின் வானில் அமெரிக்கர்கள் ஆளில்லா உளவு விமானங்களைப் பறக்கவிட்டார்கள், அதிலிருந்து வந்த நக்கல். டிரோன் என்ற சொல் நம் வாயில் நுழைவதற்குப் பல பத்தாண்டு முன்னாலேயே ஹனோய்க்காரர்கள் அதைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எலும்பு போதாத சாற்றைத் தூக்கி நிறுத்த அஜினோமோட்டோ வகையறா. வடக்கில் அதன் பெயர் மி சின். தெற்கில் 'இனிப்பு மாவு' என்று பொருள்படும் இன்னொரு பெயர். 1986-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் அறிவிக்கப்படும் வரை இதே கதைதான்.

ஆக, ஒரு பக்கம் தேங்காய் நாட்டில் இனிப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம் ரேஷன் கார்டுக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது. 1954-இன் ஹனோய் கிண்ணம் இரண்டு ஊரிலும் இல்லை. கிட் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு கமிட்டில் கிளை பிரிந்து, இரண்டு கிளையிலும் 21 வருஷம் வேலை நடந்திருக்கிறது. மாஸ்டர் எது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

அந்தக் கிண்ணம் எழுத்தில் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். வூ பாங் என்ற எழுத்தாளர், 1913-இல் ஹனோயில் பிறந்தவர். 1954-இல் மனைவியையும் மகனையும் ஹனோயில் விட்டுவிட்டுத் தெற்கே வந்துவிட்டார். 'ஹனோயின் சுவையான கவளங்கள்' என்று பொருள்படும் அவருடைய புத்தகம் 1960-இல் வந்தது. 'பன்னிரண்டின் ஏக்கம்' என்ற இன்னொன்றை 1960-இல் தொடங்கி 1971 வரை எழுதினார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு அத்தியாயம், அந்த மாதத்தில் வடக்கில் என்ன பூக்கும், என்ன காய்க்கும், வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று. மனைவிக்குச் சமர்ப்பணம். மனைவி 1967-லேயே ஹனோயில் இறந்துவிட்டார். கணவரைப் பார்க்கவே இல்லை.

போராட்டத்தை விட்டு ஓடிப்போனவர், எதிரியின் ஊரில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றி எழுதினவர் என்றுதான் வடக்கில் அவரைப் பற்றிப் பேச்சு. 1984-இல் வறுமையில் இறந்தார். 2000-ஆம் ஆண்டில் ராணுவ உளவுத்துறை உறுதிப்படுத்தியது: அவர் அவர்களுடைய ஆள். அனுப்பித்தான் தெற்கே போயிருக்கிறார். இதைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஏக்கம் வேஷமா என்று கேட்டுக்கொண்டேன். வேஷத்துக்காகப் பதினொரு வருஷம் யாரும் ஒரு புத்தகத்தை எழுதமாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. வேலைக்காகப் பிரிந்தவர், பிரிவு மட்டும் நிஜம்.

சைகோனில் லி சின் தாங் தெரு 7-ஆம் எண்ணில் ஃபோ பின் என்ற கடை இருக்கிறது. பின் என்றால் அமைதி. வடக்கிலிருந்து வந்த ங்கோ தோவாய் என்பவர் நடத்தினார். கீழே அமெரிக்க சிப்பாய்கள் உட்பட எல்லோரும் ஃபோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாடி வியட்காங்கின் ரகசியத் தலைமையிடமாக இருந்தது. 1968 தெத் தாக்குதலில் சைகோன் இலக்குகளுக்கான உத்தரவு அந்த மாடியிலிருந்து போனது. தாக்குதல் முறிந்ததும் போலீஸ் உள்ளே நுழைந்தது. தோவாய் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, கோன் தாவ் தீவுச் சிறையில் கிடந்தார். இப்போது அந்தக் கடை தேசிய வரலாற்றுச் சின்னம். நான் போனபோது மாடியில் பழைய மேஜை, படங்கள், கீழே அதே வியாபாரம். கோழி ஃபோ சாப்பிட்டேன், சுமாராக இருந்தது. வடக்கத்திச் சமையல் என்றால் அகதியின் சமையல் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த மாடிப்படியிலேயே உடைந்துவிட்டது.

ஓங் தா கடைக்குத் திரும்புகிறேன். நண்பரின் பாட்டியும் ஒன்பது புள்ளி. நாம் டின் பக்கத்துக் கிராமம். கப்பலில் வந்தபோது தங்கையை விட்டுவிட்டு வந்தவர். தங்கைக்கு அப்போது ஏதோ காய்ச்சல், அடுத்த கப்பலில் வருவதாக ஏற்பாடு. அந்த அடுத்த கப்பல் வரவில்லை. கடிதம் கிடையாது, ஒன்றும் கிடையாது. போர் முடிந்து, வடக்கு தெற்கு ரயில் பாதையைச் சரிபார்த்து 1976 டிசம்பர் கடைசி நாளில் மறுபடி ஓடவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் தங்கை அந்த ரயிலில் சைகோன் வந்து இறங்கினார். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

பாட்டி பூன் ரியெவ் வைத்தாராம். அம்மா கைப்பக்குவம், ஒரு இம்மி மாறாமல். 23 வருஷமாக அப்படித்தான் வைக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் பெருமை அடிப்பாராம். தங்கை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அக்கா, எப்பவிருந்து சர்க்கரை போட ஆரம்பிச்சே?"

பாட்டி போடவே இல்லை என்று சாதித்தார். தங்கை போட்டிருக்கிறாய் என்றார். வாக்குவாதம். நண்பரின் அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன், அடுப்படியில் சர்க்கரை டப்பா இருந்த இடம் அவருக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தங்கை அந்தக் கிண்ணத்தையும் காலி செய்து இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தாராம். வடக்கில் அப்போது சர்க்கரை கூப்பனுக்குத்தான், அதுவும் மாதத்துக்குக் கொஞ்சம். அவருடைய நாக்கும் 23 வருஷத்தில் மாறித்தானே இருக்கும் என்று நண்பர் சொன்னார். யார் சொன்னது சரி என்று அவர்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. பாட்டி சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கை திரும்பிப் போகும்போது பாட்டி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். சர்க்கரை அதில் இருந்ததா என்று கேட்டேன். "இரண்டு கிலோ" என்றார் நண்பர்.

இரண்டு புள்ளிக்காரர்கள் இந்தக் கடைக்கு வருவார்களா என்று உரிமையாளரிடம் கேட்கச் சொன்னேன். நண்பர் கொஞ்சம் தயங்கி, வார்த்தையை மாற்றித்தான் கேட்டார். வருவார்கள் என்றார். முதலில் பாதுகாப்புத் துறையில் இருந்த ஒரு பெரியவர் தனியாக வருவாராம், உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவாராம், அவருடைய அப்பா பணத்தை வாங்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாராம். அது ரொம்ப நாள் முன்னால். இப்போது வடக்கிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் கூட்டமாக வந்து, அவித்த சோயா கட்டியும் இறால் விழுதும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அந்த ஊதா நிற இறால் விழுதின் நாற்றம் தெற்கத்திக்காரர்களை விரட்டும் என்று அப்பா காலத்தில் வைக்காமல் இருந்தார்களாம். இப்போது சைகோன் பிள்ளைகளே தேடி வந்து கேட்கிறார்கள், எலுமிச்சை பிழிந்து நுரை வரும்வரை அடித்துக் கொடுக்கிறார்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். தெத் பண்டிகைக்கு முந்தைய நாட்களில் போக முடிந்தால் ஓங் தா சந்திப்புக்குப் போய்ப் பாருங்கள். நடைபாதை முழுக்க அகலமான பச்சை இலைக் கட்டுகளாக இருக்கும். தெற்கத்திக்காரர்கள் பண்டிகைக்கு ஒட்டரிசியையும் பாசிப்பருப்பையும் வாழையிலையில் உருளையாகக் கட்டி வேகவைப்பார்கள். வடக்கத்தியார் அதையே சதுரமாக, லா தோங் என்ற இலையில் கட்டுவார்கள். வாழை தடுக்கி விழுந்தால் கிடைக்கும், லா தோங்கைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த இலைச் சந்தை வருஷத்தில் அந்தச் சில நாட்கள் மட்டும் அதே சந்திப்பில் கூடிக் கலைகிறது. ஒரு கட்டு வாங்கினால் காம்போடு கொடுப்பார்கள், காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் துடைத்துக் காயவைக்க வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிற கிழவி யாராவது சொல்லிக் கொடுப்பார்.